கடைசிக் கோர்ட் வரை ஏறித்தான் ஆக வேண்டுமா? கையில் ஒன்பது நாள் இருக்கிறது

நெடுவழி:
வணக்கம். தம்பிக்காக எழுதுகிறேன். அவன் இருப்பது ஐரோப்பிய கவுன்சிலில் உள்ள ஒரு நாட்டில், எந்த நாடு என்பது வேண்டாம். போன வருஷம் போலீஸ் காவலில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. மறுநாளே மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கினோம், புகாரும் கொடுத்தோம். பதினொரு மாதம் கழித்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கக் கடிதம்: போதிய ஆதாரம் இல்லை, கோப்பை மூடுகிறோம். கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில், இதை எதிர்த்து நீதிபதியிடம் முறையிட 30 நாள் அவகாசம் என்று இருக்கிறது. அதில் 21 நாள் போய்விட்டது.

எங்கள் வக்கீல், “அந்த நீதிபதி இப்படி ஒரு முறையீட்டை ஏற்று நான் பார்த்ததில்லை, காசுதான் வீண்” என்கிறார். சொந்தக்காரர்கள் நேரே ஸ்ட்ராஸ்பர்க்குக்கு, அதாவது அங்கே இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு, அனுப்பச் சொல்கிறார்கள். தம்பிக்கு எல்லாமே அலுத்துப் போச்சு. உள்ளூரில் எல்லாப் படியும் ஏறி முடித்தால்தான் மனித உரிமை நீதிமன்றம் கதவைத் திறக்கும் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். இது உண்மையா? எந்தப் படி கணக்கு, எந்தப் படி கணக்கில்லை?

பழைய குமாஸ்தா:
முதலில் அந்த ஒன்பது நாளைப் பார்ப்போம், சட்டம் அப்புறம். முறையீட்டைப் போடுங்கள். வக்கீல் போட மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வேறு ஆளைப் பிடியுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு ஸ்ட்ராஸ்பர்க் போனால், காது எப்படிக் கெட்டது என்ற கேள்விக்கே அவர்கள் வர மாட்டார்கள்.

இனி காரணம். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது. உள்நாட்டுப் பரிகாரங்களை எல்லாம் பயன்படுத்தி முடித்திருக்க வேண்டும். கடைசி உள்நாட்டு முடிவு வந்து 4 மாதத்துக்குள் மனு போக வேண்டும். முன்பு 6 மாதமாக இருந்தது, 2022 பிப்ரவரி 1 முதல் 4 ஆகிவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு 6 மாதம் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உங்கள் வக்கீல் சொன்ன “பிரயோஜனமில்லை” என்ற வார்த்தை மட்டும் அங்கே செல்லாது. 2014இல் வுச்கோவிச் எதிர் செர்பியா வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க்கின் பெரு ஆயம், அதாவது அதன் மிகப் பெரிய அமர்வு, இதைத் தெளிவாகச் சொன்னது. ராணுவ ரிசர்வ் படையினர் தங்கள் தினப்படிக்காகப் போட்ட வழக்கு அது. ஒரு வழி ஜெயிக்குமா என்பது சந்தேகம் என்பதாலேயே அதை விட்டுவிட முடியாது, அது வெளிப்படையாகவே வீண் என்று தெரிந்தால்தான் விடலாம். “அந்த நீதிபதி ஏற்றதில்லை” என்பது ஒரு வக்கீலின் அனுபவம். அதே நீதிமன்றம் அதே மாதிரி விஷயத்தில் தொடர்ந்து தள்ளுபடி செய்த தீர்ப்புகள் கையில் இருந்தால் அது ஆதாரம். உங்களிடம் எது இருக்கிறது?

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. படியேறினால் மட்டும் போதாது, ஒவ்வொரு படியிலும் உரிமை மீறல் புகாரைச் சொல்லியிருக்க வேண்டும். 1991இல் கார்தோ எதிர் பிரான்ஸ் வழக்கு இங்கேதான் அடிபட்டது. அவர் மேல் நீதிமன்றம் வரை போயிருந்தார். ஆனால் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்ற குறையை உள்ளூரில் உருப்படியாக எழுப்பவில்லை. உடன்படிக்கையின் பிரிவு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, சாரம் இருந்தால் போதும். உங்கள் முறையீட்டில் “விசாரணை சரியில்லை” என்று மட்டும் எழுதினால் பாதிதான். காவலில் அடிபட்டது, அரசு அதை முழுதாகவும் சுதந்திரமாகவும் விசாரிக்கக் கடமைப்பட்டது, எந்தச் சாட்சியைக் கூப்பிடவில்லை, எந்தக் கேமரா பதிவைக் கேட்கவில்லை: எல்லாம் வரவேண்டும். சித்திரவதையைத் தடை செய்யும் 3ஆம் பிரிவு என்று பெயர் சொல்லியும் எழுதிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

தாழம்பூ:
குமாஸ்தா ஐயா சொன்ன அந்த மாதக் கணக்கில்தான் எங்கள் வழக்கு செத்தது. வீட்டுக்காரரின் வேலை நீக்க வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் தோற்றதும் எங்கள் வக்கீல், “மறு ஆய்வு மனு ஒன்று போட்டுவிடுவோம், அதன் முடிவு வந்ததும் ஸ்ட்ராஸ்பர்க்” என்றார். சரி என்றோம். மறு ஆய்வு மனு பத்து மாதம் கிடந்து தள்ளுபடியானது. அதிலிருந்து நாள் எண்ணி, கெடுவுக்கு மூன்று வாரம் முன்னாடியே அனுப்பினோம். கடிதம் வந்தது: மறு ஆய்வு என்பது வழக்கமான பரிகாரம் இல்லை, காலம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்தே ஓடியது, மனு காலம் கடந்தது. ஒற்றை நீதிபதி முடிவு. அதன்மேல் அப்பீல் கிடையாது.

நெடுவழி, நாங்கள் படி ஏறாமல் தோற்கவில்லை. இல்லாத படி ஒன்றில் ஏறி நின்றதால் தோற்றோம். எட்டு வருஷம் அவர் நடந்த நடையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு பக்கக் கடிதத்தை இன்றைக்கும் அவரால் படிக்க முடியாது.

நெடுவழி:
அக்கா, மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இப்போது எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. ஏறாவிட்டாலும் தப்பு, கூட ஏறினாலும் தப்பு என்றால் நீதிபதியிடம் போடும் இந்த முறையீடு எந்த ரகம்?

பழைய குமாஸ்தா:
நல்ல கேள்வி. கணக்கில் வராதவை: கடைசித் தீர்ப்புக்குப் பின் போடும் மறு ஆய்வு மனு, கருணை மனு, யாராவது அதிகாரி மனம் வைத்தால் மட்டுமே நடக்கும் மேற்பார்வை மனு, பரிந்துரை மட்டும் செய்யக்கூடிய குறைகேள் அதிகாரி. உங்களுக்கு உரிமையாகத் திறந்திருக்க வேண்டும், கேட்டால் முடிவு சொல்லியே ஆக வேண்டும், அந்த முடிவு நிலைமையை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது படி. உங்கள் கடிதத்திலேயே கெடு போட்டு, யாரிடம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நீதிபதி கோப்பைத் திறக்க உத்தரவிட முடியும். அப்படியானால் அது படிதான்.

சந்தேகம் மிச்சமிருந்தால் ஒரு வழி உண்டு. உள்ளூர் முறையீடும் நடக்கட்டும். மூடிய கடிதத் தேதியிலிருந்து 4 மாதம் முடிவதற்குள் ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் மனுவை அனுப்பி, உள்ளூரில் இன்னது நிலுவையில் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். கடைசிப் படி மனு போன பிறகு முடிந்தாலும், ஏற்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுக்கும் முன் முடிந்திருந்தால் போதும் என்பது 1971 ரிங்கெய்சன் வழக்கிலிருந்தே இருக்கிற நிலை. ஆனால் இது காப்பு மட்டும்தான், படியைத் தாண்ட அனுமதி இல்லை.

கரிசல்:
எல்லாரும் விதியை விளக்குகிறீர்கள், விதி நியாயமா என்று யாரும் கேட்கவில்லை. அடித்தது அரசு. அதே அரசின் போலீஸ், அதே அரசின் வழக்கறிஞர், அதே அரசின் நீதிபதி எல்லாரிடமும் போய் முறையிட்டு, அவர்கள் எல்லாரும் இல்லை என்று சொன்ன பிறகுதான் வெளியே வரலாம் என்றால், திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி இல்லையா? ஏழை இதில் பாதியிலேயே விழுந்துவிடுவான். அரசுக்கும் அதுதான் வேண்டும்.

சட்டமாணவி:
கரிசல் அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விதிக்கு இரண்டு முகம் இருக்கிறது. அரசுக்கு முதலில் தன் தப்பைத் தானே திருத்த ஒரு வாய்ப்பு. அதற்குப் பதிலாக, உருப்படியான வழியைத் திறந்து வைப்பது அரசின் கடமை. ஐரோப்பிய உடன்படிக்கையில் 13ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. வழியே இல்லாத இடத்தில் ஏறு என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் சொல்கிற சாவி விஷயத்தை நேராகப் பேசிய வழக்கு வெலாஸ்கெஸ் ரொட்ரிகெஸ் எதிர் ஹோண்டுராஸ், அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம், 1988. ஒரு மாணவரை 1981 செப்டம்பரில் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆள் திரும்பவே இல்லை. உள்ளூர் வழிகளை முடிக்கவில்லை என்றது அரசு. ஆட்கொணர்வு மனு சட்டத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மனுவில் ஆளை எங்கே அடைத்திருக்கிறார்கள், எந்த அதிகாரி அடைத்தார் என்று எழுத வேண்டும். ரகசியமாகக் கடத்திவிட்டு, கைது செய்யவே இல்லை என்று மறுக்கும் அரசின் முன்னால் அதை யார் எழுத முடியும்? இப்படிப்பட்ட வழி காணாமல் போனவரைக் கண்டுபிடிக்க உதவாது என்று நீதிமன்றம் சொன்னது. காகிதத்தில் இருந்தால் போதாது, அந்தச் சூழலில் அது வேலை செய்ய வேண்டும்.

ஏழை விஷயத்துக்கும் பதில் இருக்கிறது. அதே நீதிமன்றம் 1990இல் கொடுத்த 11ஆவது ஆலோசனைக் கருத்து: உரிமையைக் காக்க வக்கீல் அவசியம், ஆனால் பணமில்லாததால் வக்கீல் வைக்க முடியவில்லை என்றால் உள்ளூர் வழிகளை முடிக்க வேண்டியதில்லை. பயத்தால் எந்த வக்கீலும் வழக்கை எடுக்க மறுக்கும் நிலைக்கும் அதே பதில்தான். அந்த இரண்டாவதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு நாட்டில் வக்கீல்கள் மொத்தமாகப் பயந்து போயிருப்பதையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது.

பழைய குமாஸ்தா:
ஸ்ட்ராஸ்பர்க்கிலும் விலக்கு உண்டு. 1996 செப்டம்பரில் அக்திவார் எதிர் துருக்கி. 1992 நவம்பரில் கெலெக்சி என்ற கிராமத்தில் வீடுகளை எரித்துவிட்டார்கள், எரித்தது பாதுகாப்புப் படை என்பது கிராமத்தார் புகார். அவர்கள் உள்ளூர் கோர்ட்டுக்குப் போகாமல் நேரே வந்தார்கள். படையினர் வேண்டுமென்றே அழித்த சொத்துக்கு உள்ளூர் கோர்ட் நஷ்டஈடு கொடுத்த ஒரு வழக்கையாவது காட்டுங்கள் என்றால் அரசால் காட்ட முடியவில்லை. விதியை வளைந்துகொடுத்துப் பயன்படுத்த வேண்டும், சம்பிரதாயமாகப் பிடித்துத் தொங்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. நிரூபிக்கும் சுமையும் அங்கேயே பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது: இப்படி ஒரு வழி இருந்தது, நடைமுறையில் வேலை செய்தது என்று முதலில் அரசு காட்ட வேண்டும். காட்டிவிட்டால், அது எனக்கு ஏன் உதவவில்லை என்று மனுதாரர் சொல்ல வேண்டும்.

அதே வருஷம் அக்சோய் வழக்கு. காவலில் சித்திரவதை. கை இரண்டும் செயலிழந்த மனிதரை அரசு வழக்கறிஞர் முன் நிறுத்துகிறார்கள், அவர் அந்தக் காயம் எப்படி வந்தது என்று விசாரிக்கவே இல்லை. விசாரிக்கும் கடமை உள்ளவரே கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த பிறகு, இவர் மறுபடி அங்கே போய்ப் புகார் எழுதாததைக் குற்றமாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

ஆனால் நெடுவழி, இந்த இரண்டையும் படித்துவிட்டு உங்களுக்கும் விலக்கு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஊரே எரிந்துகொண்டிருந்தது. உங்கள் தம்பியின் புகாரைப் பதிவு செய்திருக்கிறார்கள், பதில் எழுதியிருக்கிறார்கள், அடுத்த கதவின் முகவரியும் கொடுத்திருக்கிறார்கள்.

கரிசல்:
அக்சோய் வழக்கு தெரியாமல் பேசிவிட்டேன். ஆனாலும் சாதாரண நாட்களில் நடக்கும் அநியாயத்துக்கு விலக்கு கிடைப்பது அபூர்வம் என்பதுதானே மொத்தத்தில் நீங்கள் சொல்வது? அது இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

சட்டமாணவி:
நிற்கத்தான் செய்யும். எனக்கும் நின்றது. அதைக் கொஞ்சம் இறக்கியது ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகள்: 2024 ஏப்ரல் 9, பருவநிலை வழக்குகள்.

போர்ச்சுகல் இளைஞர்கள் ஆறு பேர் 2020இல் 33 நாடுகள் மேல் நேராக ஸ்ட்ராஸ்பர்க்கில் வழக்குப் போட்டார்கள். இத்தனை நாட்டிலும் கோர்ட் ஏறுவது எங்களால் ஆகாது, நேரமும் இல்லை என்பது வாதம். உக்ரைன் மேல் போட்டதை அவர்களே திரும்பப் பெற்றார்கள், மற்ற 31 வெளிநாடுகள் மேல் போட்டது அதிகார எல்லைக் காரணத்தால் விழுந்தது. சொந்த நாட்டின் மேல் போட்டதோ, உள்ளூரில் ஒரு வழியைக்கூட முயலவில்லை என்பதால் விழுந்தது.

அதே நாளில் சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் ஜெயித்தது. 2016இல் அரசுத் துறைகளுக்கு மனு, அங்கே மறுப்பு. 2018இல் நிர்வாக நீதிமன்றத்தில் தோல்வி. 2020இல் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. அதன் பிறகுதான் ஸ்ட்ராஸ்பர்க். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், உள்ளூர் கோர்ட்டுகள் விஷயத்தைச் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்பதே தனியாக ஒரு மீறல் என்று பெரு ஆயம் சொன்னது, நியாயமான விசாரணைக்கான 6ஆம் பிரிவின் கீழ். அவர்கள் தோற்ற ஒவ்வொரு உள்ளூர்த் தீர்ப்பும் கடைசியில் அவர்களுக்கே சாட்சியாக நின்றது. நெடுவழியின் தம்பிக்கும் இது பொருந்தும். அந்த நீதிபதி காரணமே சொல்லாமல் தள்ளினால், அதையும் சேர்த்துத்தான் ஸ்ட்ராஸ்பர்க்கில் சொல்லப் போகிறீர்கள்.

மேகலை:
ஐரோப்பாவில் இல்லாதவர்கள் என்ன செய்வது? ஆசியாவுக்கு இப்படி ஒரு நீதிமன்றமே இல்லையே.

சட்டமாணவி:
இல்லைதான். ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் முறையிடலாம், ஆனால் உங்கள் நாடு அதற்கான விருப்ப நெறிமுறையில் (நாடுகள் விரும்பினால் மட்டும் சேரும் துணை ஒப்பந்தம்) சேர்ந்திருக்க வேண்டும். இலங்கை 1997இல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. இலங்கை உச்ச நீதிமன்றம் 2006இல் அந்தச் சேர்க்கையே அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது, அது பெரிய தனிக்கதை. அந்தக் குழுவிலும் உள்ளூர் வழிகளை முடித்திருக்க வேண்டும், நியாயமில்லாமல் இழுத்தடித்தால் விலக்கு.

ஆப்பிரிக்க மனித உரிமை சாசனத்தில் 56ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. அங்கே கெடு மாதக் கணக்கில் இல்லை, நியாயமான காலம் என்று மட்டும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றம் மட்டும் வேறு மாதிரி: உள்ளூர் வழிகளை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது, நேராகப் போகலாம். கரிசல் அண்ணாவுக்கு இது பிடிக்கும்.

மேகலை:
நாடு கடத்தல் உத்தரவு வந்தவருக்கு? அப்பீல் முடிவதற்குள் விமானத்தில் ஏற்றிவிட்டால்?

பழைய குமாஸ்தா:
அப்பீல் போட்டதுமே நாடு கடத்தல் தானாக நிற்க வேண்டும். திருப்பி அனுப்பினால் சித்திரவதை ஆபத்து என்ற வழக்குகளில், அப்படி நிறுத்தாத வழி உருப்படியான வழி ஆகாது என்பது ஸ்ட்ராஸ்பர்க்கின் நிலை. அவசரத்துக்கு 39ஆம் விதியின் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். ஆனால் அதற்கு மணிக்கணக்கில் ஓட வேண்டும், உடனே வக்கீலைப் பாருங்கள்.

நெடுவழி:
இரண்டு சந்தேகம். நஷ்டஈடு வழக்கும் தனியாகப் போட வேண்டுமா? ஸ்ட்ராஸ்பர்க் மனுவை வக்கீல் இல்லாமல் நாமே அனுப்ப முடியுமா?

பழைய குமாஸ்தா:
நஷ்டஈடு: அரசு ஆட்கள் வேண்டுமென்றே அடித்த புகாரில் பணம் மட்டும் போதாது, குற்ற விசாரணை நடக்க வேண்டும் என்பதுதான் நிலை. அந்த வழியில் நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஒரே நோக்கத்துக்கு இரண்டு உருப்படியான வழி இருந்தால் ஒன்றில் முழுதாகப் போனால் போதும். சிறை அறை நெரிசல் மாதிரிப் புகாராக இருந்து, ஆளும் வெளியே வந்துவிட்டால் கணக்கு மாறும். அங்கே நஷ்டஈடு வழியே போதுமானதாக இருக்கலாம்.

மனு: கட்டணம் இல்லை, தொடக்கத்தில் வக்கீலும் கட்டாயமில்லை. நீதிமன்றத்தின் சொந்தப் படிவத்தில்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு உள்ளூர் முடிவின் நகலும், அந்தந்தப் படியில் நீங்கள் கொடுத்த மனுவின் நகலும் இணைக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். கோர்ட் தீர்ப்பை எல்லாரும் வைத்திருப்பார்கள், தாங்கள் கொடுத்த மனுவின் நகல்தான் பலரிடம் இருக்காது. நீங்கள் உள்ளூரில் புகாரை எழுப்பினீர்கள் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. பக்கம் குறைந்த படிவம், இணைப்பு விட்டுப்போன படிவம் எல்லாம் 2014இலிருந்து திரும்பி வந்துவிடுகிறது, 4 மாதமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். தபாலில் அனுப்புங்கள், தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு.

நெடுவழி:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். முறையீட்டைக் கொடுத்துவிட்டோம், கெடுவுக்கு நான்கு நாள் முன்னால். பழைய வக்கீல் மறுத்துவிட்டார். சட்ட உதவி மையத்தில் ஒரு பெண் வக்கீல், இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். தம்பி முதலில் வரமாட்டேன் என்றான். அக்சோய் வழக்கைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஏழு பக்கம் வந்தது. நான்காம் பக்கத்தில் காவல் நிலையத்தில் அன்று இரவு இருந்த இன்னொரு கைதியின் பெயர் இருக்கிறது, அவரை இதுவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. 3ஆம் பிரிவும் எழுத்தில் இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் அசலை மட்டும் வாங்கிக்கொண்டார். எங்கள் நகலிலும் முத்திரை வேண்டும் என்று தம்பியே கேட்டான். நீல மை, தேதி பாதி அழிந்த மாதிரி விழுந்தது. இன்னொரு தடவை குத்தச் சொல்லி வாங்கினான்.

முடிவு எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் இங்கே எழுதுகிறேன்.

தாழம்பூ:
ரொம்ப சந்தோஷம் தம்பி. முடிவு தபாலில் வந்தால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஓரமாகக் கத்தரித்து, கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். என்றைக்குக் கைக்கு வந்தது என்று மேலேயே எழுதிவிடுங்கள்.